தட்டை மீனுக்காகத் தள்ளிவைத்த பண்டிகை

"மீனு இருக்கறப்ப சட்டம் விட மாட்டேங்குது. சட்டம் விடறப்ப மீனு இருக்க மாட்டேங்குது."

ஒடில் நாக்கென் இதை ஒரு நாள் தவறாமல் சொல்வாள். காலையில் கறுப்புக் காப்பியோடு படியின் மேல்கட்டையில் வந்து உட்கார்ந்ததும், முதல் வாய் உள்ளே போவதற்கு முன்னால் ஒரு தடவை. இரைக் கடையில் ஒரு தடவை. எரிவாயு உருளை கொண்டுவருகிறவனிடம், அவன் கேட்காமலே ஒரு தடவை. அவள் புருஷன் ஹூயிட் உள்ளே தொலைக்காட்சியில் வானிலை பார்த்தபடி "ஆமென்" என்பான். அவன் முழங்கால் போய் வருஷக்கணக்காகிவிட்டது. மீன்பிடிக்கப் போவது, வெட்டுவது, பொரிப்பது, அதைப் பற்றிக் குறைசொல்வது எல்லாமே ஒடில்தான்.

லூசியானாவின் தெற்கு நுனியில், சாலை ஓடிப்போய்த் தண்ணீரில் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அவள் வீடு. அங்கே எல்லா வீடும் உயரமான மரக் கால்களின் மேல்தான் நிற்கும். புயல் வந்தால் தண்ணீர் கீழே ஓடட்டும் என்று. வாசலுக்கு எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் பாயூ. பாயூ என்றால் ஆறும் இல்லை, கடலும் இல்லை. ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும், நடுவில் சோம்பிக் கிடக்கும். ஒடிலுக்கு அறுபத்துநாலு வயது. பாதி நாள் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடிதான் கழிந்திருக்கிறது.

விற்பதற்காக மீன் பிடிக்கிறவள் இல்லை. தூண்டில் போட உரிமச்சீட்டு வைத்திருக்கிற, சனி ஞாயிறு என்று பார்க்காமல் எல்லா நாளும் போகிற, பிடித்ததைச் சட்டியில் போடுகிற ஆள். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால் மேலிடத்தில் ஒரு விதி மாறினால் இங்கே சமையலறை மாறும்.

மாறிக்கொண்டேதான் இருந்தது. புள்ளி மீன் முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபத்தைந்து. பன்னிரண்டு அங்குலம் இருந்தால் போதும். இப்போது பதினைந்துதான், அதுவும் பதின்மூன்று அங்குலம் வேண்டும், இருபதைத் தாண்டினால் அதற்கு வேறு கணக்கு. சிவப்பு மீன் ஐந்திலிருந்து நாலானது. பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், இருபத்தேழுக்கு மேலே இருந்தாலும் விட வேண்டும்.

"மாப்பிள்ள பாக்கற மாதிரி இருக்கு," என்பாள் ஒடில், அளவுகோலை மீன்மேல் வைத்தபடி. "ரொம்பச் சின்னவனும் ஆகாது, ரொம்பப் பெரியவனும் ஆகாது. நடுவுல ஒருத்தன் வர்றதுக்குள்ள பொண்ணு கெழவியாயிடுவா."

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது தட்டை மீன் விஷயம்.

தட்டை மீன் தோசை மாதிரி இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். மேல்பக்கம் சேற்று நிறம், அடிப்பக்கம் வெள்ளை. வருஷம் முழுக்க சதுப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். இலையுதிர் காலத்தில் முதல் வாடைக்காற்று சீறியதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, வாய்க்கால் வாய் வழியாகச் சரிந்து, ஆழ்கடலுக்கு முட்டையிடப் போகும். அந்த ஆறு வாரம்தான் அது கைக்குக் கிடைக்கிற காலம். அந்த ஆறு வாரம்தான் இப்போது மூடியிருக்கிற காலம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிகிறவரை ஒன்றைக்கூட எடுத்துப் போகக்கூடாது.

விதியின் நியாயம் ஒடிலுக்குப் புரியாமல் இல்லை. மீன் குறைந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் நடந்துபோன புல்மேடு இருந்த இடத்தில் இன்றைக்குப் படகு போகிறது. குளிர்காலம் பெயருக்குத்தான் வருகிறது. அவளுடைய அப்பா ஒரு பருவத்தில் ஈட்டியால் குத்திக் கொண்டுவந்த தட்டை மீனை இன்றைக்கு இந்தப் பாயூ முழுக்கச் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. "யாரு தின்னது? நாமதான் தின்னோம்," என்று ஹூயிட்டிடம் அவளே சொல்லியிருக்கிறாள். சட்டம் வேண்டாம் என்று அவள் சண்டைபோடவில்லை. அந்தத் தேதிக்கு நடுவில் நன்றித் திருநாள் வருகிறது, அதுதான்.

நவம்பரின் நாலாவது வியாழன். நாடு முழுக்க வான்கோழி தின்கிற நாள். ஒடிலின் வீட்டில் மட்டும் அவளுடைய அம்மா காலத்திலிருந்து தட்டை மீன். முதுகைக் கீறி, முள்ளிலிருந்து சதையை இரண்டு பக்கமும் பிரித்துப் பை மாதிரி ஆக்கி, நண்டுச் சதையும் வெங்காயமும் குடைமிளகாயும் ரொட்டித்தூளும் வெண்ணெயில் வதக்கி உள்ளே அடைத்து, அடுப்பில் வைத்து எடுப்பார்கள். அன்றைக்கு முந்தின நாள் பிடித்த மீனாக இருக்க வேண்டும். உறைபெட்டியில் போட்டு எடுத்தால் தண்ணீர் விட்டு, துணி மாதிரி ஆகிவிடும் என்று ஒடில் அதைத் தொடமாட்டாள்.

அதைத் தின்ன வருகிறவள் வெர்னிஸ். ஒடிலின் ஒரே தங்கை, நாலு வயது சின்னவள். நாற்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடிதான். ஒரு மீனை ஒரு தட்டில் வைத்து இரண்டு பேரும் தின்பார்கள். மேல்பக்கச் சதை தடிமன், அது அக்காவுக்கு. அக்கா தின்று முடித்து முள்ளைத் தூக்கி எறிந்த பிறகுதான் அடிப்பக்கம் தங்கைக்கு. வருஷா வருஷம் இதற்கு ஒரு சண்டை நடக்கும். பிரெஞ்சில் நடக்கும், அந்த ஊர்ப் பழைய குடும்பங்களின் பேச்சு அது. ஹூயிட் டெக்சாஸ் பக்கத்து ஆள், அவனுக்கு அது புரியாது, தலையைக் குனிந்து தின்றுவிட்டு எழுந்துபோவான். அம்மா செத்த பிறகு ஒடிலுக்கு அந்தப் பேச்சில் பேச வெர்னிஸை விட்டால் ஆளில்லை. வெள்ளாடும் பூனையும் இருந்தன, அவை பதில் சொல்லாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்டில் வந்த புயல் வெர்னிஸின் வீட்டைக் கொண்டுபோனது. கால்களை மட்டும் விட்டுவிட்டு மேலே இருந்ததைத் தூக்கிக்கொண்டு போனது. ஒடிலின் வீட்டுக்கு ஓடு பெயர்ந்தது, அவ்வளவுதான். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை, காற்றிடம் என்ன கேட்பது. அந்த நவம்பரில் வெர்னிஸ் வண்டியில் இழுத்துவந்து நிறுத்தும் தற்காலிக வீட்டில் இருந்தபடி வந்து மீன் தின்றாள். அதுதான் கடைசித் தட்டை மீன். அடுத்த வருஷம் அவள் இரண்டரை மணி நேரத் தூரத்தில் லாஃபயெட் ஊரில் மகனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதே வருஷம்தான் சட்டமும் வந்தது. ஒடில் வேறு வழியில்லாமல் வான்கோழி வைத்தாள். வெர்னிஸ் வந்தாள், இரண்டு வாய் தின்றாள், இருட்டுவதற்கு முன்னால் சாலையில் ஏற வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் முதுகுவலி என்றாள். அதற்கும் அடுத்த வருஷம் மருமகள் வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். தொலைபேசியில் ஒடில் விடாமல் நச்சரிக்கவும், "ஒரு தட்ட மீனாவது இருந்தா வரலாம்," என்றாள்.

ஒடில் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் மீன்தான் காரணம். மீன் இல்லாததற்குச் சட்டம் காரணம். அன்றிலிருந்து காலைக் காப்பிக்கு முன்னால் அந்த வாசகம் தொடங்கியது.

போன வருஷம் செப்டம்பரில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதி தட்டை மீன் திறக்கிறது. பண்டிகையை டிசம்பர் முதல் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டால் என்ன?

"அமெரிக்கா முழுக்க ஒரு நாளு, உனக்கு மட்டும் தனியா ஒரு நாளா?" என்றான் ஹூயிட்.

"கவர்மென்டு மீனுக்கு நாள் வைக்குது. நான் பண்டிகைக்கு நாள் வைக்கறேன். எனக்கென்ன, யாரு வந்து கேக்கப்போறா?"

"கடவுளுக்கு எந்த நாள்ல நன்றி சொல்லுவ?"

"ரெண்டு நாளும் சொல்றேன். ஒண்ணு வான்கோழிக்கு, ஒண்ணு மீனுக்கு. உனக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு, வாய மூடிட்டு இரு ஷா."

ஷா என்பது அங்கே கண்ணே என்கிற மாதிரி. வாயை மூடு என்று சொல்லும்போதும் சேர்த்துக்கொள்வார்கள்.

வெர்னிஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். வெர்னிஸ் சிரித்தாள். "அந்த நேரத்துக்கு மீனெல்லாம் போயிருக்குமே," என்றாள். "அது என் பாடு. நீ வர்றியா?" என்றாள் ஒடில். "சரி, பாக்கலாம்," என்றாள் வெர்னிஸ். அந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒடில் மேசை விரிப்பைத் துவைத்துப் போட்டாள்.

நவம்பர் வந்தது. வாடை அடித்தது. ஒடில் தினமும் வாய்க்கால் வாயில் இருக்கிற பாறைக் குவியலில் போய் நின்று சிவப்பு மீனுக்குத் தூண்டில் போட்டாள். வந்ததெல்லாம் தட்டை மீன். கை அகலம், தட்டு அகலம், ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தூண்டில் முள்ளைக் கழற்றி, முகத்துக்கு நேரே பிடித்து, "டிசம்பர் ஒண்ணு, மறந்துடாத," என்று சொல்லித் தண்ணீரில் விடுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

அந்தப் பக்கம் மீன் காவல் கெர்னியுடையது. பெயருக்கு அரசாங்க ஆள், நிஜத்தில் ஒடிலின் ஞானப்பிள்ளை. அவனுடைய ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்றவள் அவள்தான். வீட்டுக்கு வந்தால் "நனான்" என்பான், ஞானத்தாயை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சீருடையில் இருந்தால் "மிஸ் ஒடில்" என்பான், ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வான். இதில் அவன் ஒரு நாளும் மாறியதில்லை.

"உன்ன நான் கையில புடிச்சப்ப நீயே அளவுக்குக் கம்மி," என்பாள் ஒடில் மூடியைத் திறந்தபடி. "அன்னைக்கே தண்ணில விட்டிருக்கணும்."

"உப்பு போட்ட தண்ணியா இருந்தா நானே நீந்திப் போயிருப்பேன், மிஸ் ஒடில். பெட்டி சரியா இருக்கு. நன்றி."

நன்றித் திருநாளுக்கு முந்தின புதன்கிழமை. வானம் வெளிறிக் கிடந்தது. காற்றில் விரல் மரத்துப்போனது. எல்லாரும் வீட்டில் சமையல் வேலையாக இருந்ததால் பாறையில் அவள் மட்டும்தான். சின்ன உயிர் மீனை முள்ளில் கோத்து அடித்தரையோடு மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். எதிலோ சிக்கியது போல தூண்டில் நரம்பு நின்றது.

தெரியாதவர்கள் அப்போது வெடுக்கென்று இழுப்பார்கள். தட்டை மீன் இரையைக் கவ்வினால் ஓடாது. வாயில் வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். ஒடில் காத்திருந்தாள். காத்திருந்து, நரம்பு லேசாக நகர்ந்ததும் தூக்கினாள்.

மேலே வந்தபோது முதலில் அவளாலேயே நம்ப முடியவில்லை. வாசலில் போடுகிற கால்மிதி அளவு. அவளுடைய பெரிய அடுப்புத் தட்டில் வைத்தால் வால் வெளியே நிற்கும். கைவலையில் அடங்காமல் மடிந்து கிடந்தது. அவ்வளவு பெரியதை அப்பா செத்த பிறகு அவள் பார்த்ததில்லை.

சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. இரை வைத்திருந்த பெரிய தொட்டியில் தண்ணீர் இருந்தது. மீனை அதில் இறக்கி, பலகை மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அடியில் மீன் ஒரு தடவை புரண்டது, பலகை வழியாகத் தெரிந்தது. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"வெர்னிஸ், நாளைக்கு வா."

"நாளைக்கா? டிசம்பர்ல சனிக்கிழமன்னு சொன்ன?"

"மீனு இப்பவே இருக்கு. தொட்டியில கெடக்கு. அப்பா ஒரு தடவ கதவு மாதிரி ஒண்ணு கொண்டாந்தாருல்ல, அந்த மாதிரி."

"மூடின மாசமாச்சே இது."

"எனக்குத் தெரியாதா? நீ வர்றியா இல்லியா, அதச் சொல்லு. வர்றேன்னு சொல்லு, கூடையில துணி போட்டு மூடி எடுத்துட்டுப் போயிடறேன்."

"கெர்னி பாத்தான்னா?"

"கெர்னிய நான் பாத்துக்கறேன். தலையில தண்ணி ஊத்தினப்ப அவன் கத்தின கத்தல் எனக்குத்தான் தெரியும்."

வெர்னிஸ் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பேச்சு பிரெஞ்சுக்கு மாறியது. முக்கியமானதைச் சொல்வதென்றால் இரண்டு பேருக்கும் அப்படித்தான்.

"ஒடில், மீன விட்டுடு."

"ஏன்?"

"மீனு இல்லன்னுதானா நான் வராம இருக்கேன்?"

"நீதான சொன்ன."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ அதப் புடிச்சுக்கிட்டு கவர்மென்டத் திட்ட ஆரம்பிச்ச. எனக்கும் சௌகரியமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

காற்று தொலைபேசிக்குள் இரைந்தது.

"எனக்குன்னு ஒரு நாற்காலி போடுவல்ல, ஜன்னலோரமா," என்றாள் வெர்னிஸ்.

"நல்ல காத்து வரும்னு போடறேன். வீட்லயே அதுதான் நல்ல எடம்."

"காத்து வரும். தல நிமிந்தா என் வீடும் தெரியும். வீடுன்னா காலுங்கதான். மேல ஒண்ணும் இல்லாம நிக்குதுங்க. அன்னைக்கு வான்கோழிய வாயில வச்சுக்கிட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். முழுங்க முடியல. நீ வேற வறண்டு போச்சா, கொழம்பு ஊத்திக்கோன்னு ஊத்திக்கிட்டே இருந்த."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணுவ? ரம்பத்த எடுத்துட்டுப் போயி அதுங்கள அறுத்துடுவ."

"அறுப்பேன். இன்னைக்கே அறுப்பேன்."

"அறுக்காத. அது என்னோடது."

ஒடில் மூக்கை உறிஞ்சினாள்.

"திரை போட்டுடறேன்," என்றாள் கடைசியில்.

"திரைக்குப் பின்னாலயும் அது இருக்கும்ல, ஷா."

"அப்ப சனிக்கிழம?"

"பாக்கலாம்னு சொன்னேன்ல. பாக்கலாம். மீன விடு முதல்ல, செத்துடப்போகுது."

ஒடில் தொலைபேசியைப் பையில் போட்டாள். எழுந்து பலகையை எடுத்தாள். மீன் அடியோடு அடியாக ஒட்டிக் கிடந்தது, இரண்டு கண்ணும் அவளையே பார்த்தன. அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் யாருக்குப் போடுவது? ஹூயிட்டுக்கு. ஹூயிட்டுக்கு வான்கோழியே அதிகம். இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, செவுளைத் தொடாமல் வயிற்றுக்கு அடியில் தாங்கி எடுத்தாள். பாறை விளிம்பில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் பிடித்தபடியே வைத்திருந்தாள், அதற்கு மூச்சு வரட்டும் என்று. அது போகவில்லை. பிறகு ஒரு புரட்டு. சேறு கலங்கியது. தெளிந்தபோது அங்கே தரைதான் இருந்தது.

பின்னால் படகுச் சத்தம் கேட்டது. கெர்னி பாறையோரம் கொண்டுவந்து நிறுத்தினான், சீருடையில்.

"ஏதாச்சும் பட்டுச்சா, மிஸ் ஒடில்?"

"பட்டுச்சு. விட்டுட்டேன்."

"அளவுக்குக் கம்மியா?"

"இல்ல."

அவன் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நனான், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. குளுரு. நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வா, வான்கோழி மீந்துபோகும்."

மறுநாள் வான்கோழி வைத்தாள். கெர்னியும் அவன் அம்மாவும் வந்து தின்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் ஒடில் மேசையைப் பிடித்து இழுத்து எதிர்ச்சுவரைப் பார்க்கத் திருப்பினாள். ஜன்னலோர நாற்காலியை எடுத்து அடுப்புப் பக்கம் போட்டாள். ஹூயிட் எழுந்து வந்து இடித்துக்கொண்டான்.

"முப்பது வருஷமா இங்க இருந்த மேசடி இது."

"இனிமே அங்க இருக்கும். உன் காலுக்குச் சொல்லிக்கொடு."

"அந்தச் சுவத்துல என்ன இருக்கு பாக்கறதுக்கு?"

"ஒண்ணுமில்ல. அதுக்குத்தான்."

டிசம்பர் ஒன்றாம் தேதி விடிந்ததும் ஒடில் பாறையில் இருந்தாள். அவளைப்போல இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். சட்டம் திறந்துவிட்டது, மீன் போய்விட்டது. காலைக் காப்பிக்கு முன்னால் ஒரு வருஷமாகச் சொன்னதெல்லாம் கண்முன் நடந்தபோது அவள் அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் சொன்னார், அவளிடமிருந்து கற்றுக்கொண்டு. அவள் "ம்" என்றாள்.

புதன் ஒன்றுமில்லை. வியாழன் ஒரு நண்டு முள்ளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், வற்றம் முடியப்போகிற நேரத்தில், ஒரு தட்டை மீன். எல்லாரும் போன பிறகு வழி தெரியாமல் தங்கிவிட்ட குட்டி. அவள் உள்ளங்கையை விரித்து அளந்து பார்த்தாள், விரல் நுனி வெளியே தெரிந்தது. தட்டை மீனுக்குக் குறைந்தபட்ச அளவு இல்லை, எடுக்கலாம். நவம்பர் முழுக்க இதைப்போல நாலு மடங்கு மீனையெல்லாம் விட்டவள், இதை வீட்டுக்குக் கொண்டுபோய், விரல் நகத்தால் முள்ளைப் பிரித்து, இரண்டு கரண்டி நண்டுச் சதையை அடைத்தாள். ஹூயிட் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனான். அவனுக்குக்கூடச் சில நேரம் புத்தி வரும்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஒடில் படியிலேயே நின்றாள். உருளைக்கிழங்கு சாலட், சோறு, கம்போ என்கிற கெட்டிக் குழம்பு, சர்க்கரைவள்ளி எல்லாம் மேசையில் துணி மூடி இருந்தது. மத்தியானம் தாண்டித் தொலைபேசி அடித்தது.

"எங்க இருக்க?"

"இரைக் கடைகிட்ட."

இரைக் கடை சாலை வளைகிற இடத்தில். அதற்கு அப்புறம் பாலம். பாலத்தில் ஏறினால் வெர்னிஸின் வீடு இருந்த இடம் தெரியும்.

"அங்க என்ன பண்ற? ஏறி வா."

"வண்டி வருது, ஒடில். நான்தான் வரமாட்டேங்கறேன். அரை மணி நேரமா உக்காந்திருக்கேன். கடைக்காரன் ரெண்டு தடவ வந்து என்ன வேணும்னு கேட்டுட்டான். வெக்கத்துக்குக் கொஞ்சம் எறா வாங்கியிருக்கேன்."

ஒடில் தொலைபேசியை வைத்தாள். உள்ளே போய், அடுப்புத் தட்டைத் துணியில் சுற்றினாள், சாலட் கிண்ணத்தை அதன்மேல் வைத்தாள், ஹூயிட்டுக்குச் சாப்பாடு மேசையில் இருக்கிறது என்று சொன்னாள், வண்டியை எடுத்தாள்.

வெர்னிஸ் கொஞ்சம் இளைத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், அது அவளுக்கு ஆகவில்லை, ஒடில் அதைச் சொன்னாள். வெர்னிஸின் வண்டியிலேயே முன் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. ஒடில் தட்டை நடுவில் வைத்துத் துணியைப் பிரித்தாள்.

வெர்னிஸ் மீனைப் பார்த்தாள். "இதென்ன, சாவிக்கொத்துல கோத்துக்கறதா?"

"சும்மா கெட. மூணு நாள் நின்னிருக்கேன் இதுக்கு."

"மேல்பக்கம் யாருக்கு?"

"இதுல ஏதுடி மேலு, கீழு? முழுசாத் தின்னு. எனக்குக் கெழங்கு போதும்."

வெர்னிஸ் தின்றாள். முள்ளைத் துப்பிக் கைக்குட்டையில் வைத்தாள். பாதி தின்ற பிறகு மீதியை ஒடிலின் பக்கம் தள்ளினாள், ஒடில் திரும்பத் தள்ளினாள், அதற்கு ஒரு சண்டை நடந்தது, கடைக்காரன் வெளியே வந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனான். அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். யார் யாருக்கு என்ன நோய் என்று பேசினார்கள். லாஃபயெட்டில் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று ஒடில் கேட்டாள். எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டி என்றாள் வெர்னிஸ், நல்லா இருக்கு, புயல் வந்தா நான் அதுக்கு அழமாட்டேன் என்றாள்.

வெளிச்சம் சாய்ந்ததும் வெர்னிஸ் வண்டியைக் கிளப்பினாள். "அடுத்த தடவ பாலம் வரைக்கும் வர்றேன்," என்றாள். "அப்புறம் பாக்கலாம்." வாங்கின எறாவை ஒடிலிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சிவப்பு விளக்கு இரண்டும் கரும்புக்காட்டுப் பக்கம் திரும்பி மறைகிறவரை ஒடில் அங்கேயே நின்றாள். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினாள்.

ஜனவரி, பிப்ரவரி போய்விட்டது. வெர்னிஸ் தொலைபேசியில் பேசுகிறாள், பாலம் வரை வரவில்லை. ஒடிலும் கேட்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் மூன்றாவது தட்டு வைக்கிறாள், ஹூயிட் அதைத் தாண்டி உப்பை எட்டி எடுக்கிறான். காலையில் காப்பியோடு படியில் உட்காரும்போது இப்போது சட்டத்தைத் திட்டுவதில்லை. சும்மா சாலையைப் பார்க்கிறாள், அது இன்னும் மோசம்.

அதனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரைக் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டெல்லாம் போக வேண்டாம், வீட்டைத் துடைக்கிறேன் என்று இடுப்பை உடைத்துக்கொள்வாள். போகும்போது ஐஸ் வாங்கிக்கொண்டு போங்கள், கடை சீக்கிரம் மூடிவிடும். பிரெஞ்சு நாலு வார்த்தை தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, திருத்துவதற்கு அவளுக்கு ஆள் வேண்டும். இரண்டாம் தடவை பரிமாறும்போது வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டின பிறகு கிளம்புங்கள்.